பழைய டேங்கும் புதிய இன்ஜெக்ஷனும்

1967 அக்டோபரில் டிரையம்ஃப் டிஆர்5 அறிமுகமானபோது எல்லோரும் பானெட்டைத்தான் திறந்து பார்த்தார்கள். 2498 சிசி, ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் பீய்ச்சும் லூகாஸ் நிறுவனத்தின் இயந்திர இன்ஜெக்ஷன். பிரிட்டனில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜெக்ஷனோடு வந்த முதல் கார் அதுதான். ஆனால் அந்தக் காரின் நல்லதும் கெட்டதும் டிக்கிக்குள் இருந்தன. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு மின் பம்ப். அதைச் சுழற்றிய மோட்டார், கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வழிவந்தது. பம்ப் தர வேண்டிய அழுத்தமோ 100 பிஎஸ்ஐக்கும் (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கும்) மேல்.

வெயில் காலத்தில், டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது, அந்தப் பம்ப் சூடேறியது. சூடான பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவந்து மிச்சத்தையும் சூடாக்கியது. ஆவிக்குமிழ்கள் கிளம்பின, இன்ஜின் மிஸ் ஆனது. டிரையம்ஃப் பிரியர்கள் பம்ப்பைச் சுற்றிக் குளிர்ச்சிக் குழாய் சுற்றினார்கள். பிறகு பலர் லூகாஸ் பம்ப்பையே கழற்றிவிட்டு போஷ் நிறுவனத்தின் பம்ப்பைப் பொருத்தினார்கள். 1976 வரை வந்த அடுத்த மாடலான டிஆர்6லும் இதே கதைதான். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே டிஆர்5 இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்களோடு, டிஆர்250 என்ற பெயரில் விற்றது.

டிரையம்ஃப், லூகாஸ் என்ற பெயர்கள் சென்னைக்கும் நெருக்கமானவை. டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று தயாரித்தது சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். அதே 1961இல்தான் லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின; அதன் ஆலை பாடியில். ஆனால் சென்னை ஹெரால்டுகள் எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். டிக்கி பம்ப்பின் தலைவலி நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு வரவில்லை.

கார்புரேட்டர் வண்டியின் டேங்க் ஏன் இன்ஜெக்ஷனுக்கு ஒத்துவராது? கார்புரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் என்று ஒரு சின்ன அறை உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது டேங்கிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும்; உறிஞ்சுகுழாயின் வாய் ஒரு கணம் காற்றை இழுக்கும். அந்தக் கணத்தை ஃப்ளோட் சேம்பர் தாங்கிக்கொள்ளும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு மேல்நிலைத் தொட்டி இருந்தால் மோட்டார் சற்று நின்றாலும் குழாயில் தண்ணீர் வருவதைப் போல. இன்ஜெக்ஷனில் அந்தத் தொட்டி கிடையாது. பம்ப்புக்குள் காற்று புகுந்தால் அழுத்தம் அந்த நொடியே விழும், இன்ஜின் திணறும். தன் வழியே ஓடும் பெட்ரோலால்தான் பம்ப் குளிர்கிறது. அது வறண்டு ஓடினால் ஆயுளும் குறையும்.

இன்னொரு சிக்கல், திரும்பிவரும் பெட்ரோல். கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ போதும். பெரும்பாலான வண்டிகளில் டேங்கிலிருந்து முன்னால் போக ஒரே ஒரு குழாய்தான். எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு 30, 40 பிஎஸ்ஐ, சிலவற்றுக்கு அதற்கு மேலும் வேண்டும். மணிக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப் இடைவிடாமல் ஓடும்; இன்ஜின் ஐடிலில் குடிப்பதோ மணிக்கு ஓரிரு லிட்டர். மற்றதெல்லாம் அழுத்தச் சீராக்கி வழியாக டேங்குக்கே திரும்ப வேண்டும். அதற்கு ரிட்டர்ன் லைன் வேண்டும், அது வந்து விழ டேங்கில் இடம் வேண்டும். உறிஞ்சுகுழாயின் பக்கத்திலேயே விழுந்தால் நுரைத்துக்கொண்டு குமிழ்களைப் பம்ப்புக்குள் அனுப்பிவிடும்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனின் தொடக்கமே தோல்விதான். அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரோஜெக்டர் என்ற அமைப்பை உருவாக்கியது. கிறைஸ்லர் குழுமம் 1958 மாடல்களில் சுமார் 35 கார்களில் அதைப் பொருத்தியது. நம்பகமாக ஓடாததால் பெரும்பாலானவற்றுக்குப் பிறகு கார்புரேட்டரே திரும்பிவந்தது. பெண்டிக்ஸின் காப்புரிமைகள் போஷ் கைக்குப் போயின. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் போஷின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. இன்ஜின் பின்னால், டேங்க் முன்னால். அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐ. பெட்ரோல் வளையமாகச் சுற்றி டேங்குக்கே திரும்பும் முறை இதில் நிலைபெற்றது.

பம்ப்பை எங்கே வைப்பது என்பதைப் பெரிய நிறுவனங்களே பட்டுத்தான் கற்றன. போர்ஷே 914இல் டேங்க் முன்புறம், இன்ஜின் நடுவில். ஆரம்பத்தில் பம்ப்பை இன்ஜினுக்குப் பக்கத்தில், சூட்டிலேயே வைத்தார்கள். வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்க (வேப்பர் லாக்), வண்டிகள் நின்றன. 1975 மாடலில் பம்ப் முன்பக்கம், டேங்கின் அருகே குளிர்ந்த இடத்துக்குப் போனது. பழைய 914 வைத்திருப்பவர்கள் இன்றும் முதலில் செய்யும் திருத்தங்களில் அது ஒன்று.

ஜாகுவாரின் வரலாறு இதைவிட அழகானது. 1961இன் ஈ-டைப் 3.8 லிட்டர் காரில் லூகாஸ் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருந்தது. இன்று உலகமே பின்பற்றும் வழி அது! 1964இல் 4.2 லிட்டர் இன்ஜின் வந்தபோது ஜாகுவார் அதைக் கைவிட்டு, வெளியே எஸ்யூ நிறுவனத்தின் பம்ப்பை வைத்தது. ஆனால் 1975இல் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனோடு எக்ஸ்ஜே-எஸ் வந்தபோது பொறியாளர்கள் பிரச்சினையை வேரிலேயே பிடித்தார்கள். பெரிய டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக ஒரு சிறு தொட்டிக்கு இறங்கும். பம்ப் அந்தச் சிறு தொட்டியிலிருந்துதான் எடுக்கும். வளைவில் பெரிய டேங்கில் என்ன நடந்தாலும் சிறு தொட்டி நிறைந்தே இருக்கும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை இன்ஜெக்ஷனுக்கு மாற்றுபவர்கள் இன்று செய்வதெல்லாம் இந்தச் சிறு தொட்டியின் வெவ்வேறு வடிவங்களே. 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்க்விர்ட் என்ற இன்ஜெக்ஷன் கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டார்கள். வாங்குபவரே சால்டர் செய்து பொருத்திக்கொள்ளலாம். கார்புரேட்டரோடு பிறந்த எம்ஜிபி, டட்சன் 240இசட் போன்ற வண்டிகளுக்கு இன்ஜெக்ஷன் எட்டும் தூரத்தில் வந்தது. மூளை மலிவானதும் மிஞ்சிய வேலை டேங்கில்தான்.

சுலபமான வழி, வெளியே ஒரு ஸ்வர்ல் பாட். ஓரிரு லிட்டர் பிடிக்கும் உருளை டப்பா அது. குறைந்த அழுத்தப் பம்ப் டேங்கிலிருந்து அதை நிரப்பும். இன்ஜினிலிருந்து திரும்பும் பெட்ரோல் பக்கவாட்டில் விழுந்து சுழலும். குமிழ்கள் மேலேறி டேங்குக்குப் போகும். அடியிலிருந்து உயரழுத்தப் பம்ப் தெளிந்த பெட்ரோலை எடுக்கும். டேங்கை அதிகம் தொடத் தேவையில்லை. ஆனால் இரண்டு பம்ப், கூடுதல் ஹோஸ், கசியக்கூடிய கூடுதல் மூட்டுகள். இரண்டாவது வழி, டேங்கின் அடியை வெட்டி ஒரு சிறு குழியை வெல்டிங் செய்து சேர்ப்பது. பெட்ரோல் அங்கே தேங்கும், ஆனால் தாழ்வான காரில் அது தரையைத் தட்டும் ஆபத்து உண்டு. மூன்றாவது, மேலே வாய் வெட்டி, தடுப்புச் சுவர்களும் பம்ப்பும் கொண்ட பெட்டியை உள்ளே இறக்குவது. மூன்றில் இதுவே மேல். பம்ப் பெட்ரோலுக்குள் குளிர்ச்சியாக இருக்கும், இரைச்சலும் குறையும்.

எந்த வழியானாலும் டேங்கின் உட்புறத் துருவை விட்டுவைக்கக் கூடாது. கார்புரேட்டர் விழுங்கிவிடும் தூசு இன்ஜெக்டரின் நுண்துளையை அடைத்துவிடும். பம்ப்புக்கு முன் ஒரு சாதாரண ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் அளவுக்கு வடிகட்டும் ஃபில்டர் என்று இரண்டு தேவை. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸும் சாதாரண கிளிப்பும் 40 பிஎஸ்ஐயைத் தாங்காது. சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும் பெட்ரோல் காரையே எரித்துவிடும். அதற்கென்றே செய்த இன்ஜெக்ஷன் ஹோஸைத்தான் போட வேண்டும்.

வெல்டிங் விஷயத்தில் சமரசமே கூடாது. பெட்ரோல் காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் சேர்ந்தால் வெடிமருந்து. பல மாதம் வெயிலில் காய்ந்த டேங்கிலும், மடிப்புகளில் ஒட்டிய கசண்டில் ஆவி இருக்கும். காரம் கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, மந்த வாயு நிரப்பி வேலை செய்யத் தெரிந்த பட்டறையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு பட்டறை கிடைக்காவிட்டால் அந்த டேங்கில் தீப்பொறி படக் கூடாது.

ஒன்று மட்டும் வேண்டுகோளாக. 1967, 1968 ஆண்டுகளில் கோவென்ட்ரியில் டிரையம்ஃப் செய்த டிஆர்5கள் மொத்தம் 2,947 மட்டுமே. அப்படிப்பட்ட காரின் மூல டேங்கை வெட்டாதீர்கள். இன்ஜெக்ஷனுக்கென்று புதிதாக ஒரு அலுமினிய டேங்க் செய்து பொருத்துங்கள். பழையதைச் சுத்தம் செய்து, உட்புறம் எண்ணெய் பூசி, காருடன் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.