எத்தனை வயதில் பிள்ளையை வீட்டில் தனியே விடலாம்? 140 வருடக் கதை ஒன்று

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு யாராவது ஒரு தாய் தயங்கிக்கொண்டு நின்று கேட்பார்: "சேர், மகன் மூணாம் ஆண்டு. நான் வேலையால வர ரெண்டு மணியாகும். அதுவரைக்கும் தனிய விட்டா பிழையா?" சட்டத்தில் என்ன வயது போட்டிருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு.

நேரடிப் பதில் இதுதான். இலங்கைச் சட்டத்தில் அப்படி ஒரு வயது இல்லை. ஆனால் வேறு பல வயதுகள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று தெரிந்தால், நம் வீட்டு முடிவை எடுப்பது கொஞ்சம் இலகுவாகும்.

முதல் வயது 12. ஆங்கிலேயர் 1883 இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 308 ஆம் பிரிவு, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையை முழுமையாகக் கைவிடும் நோக்கத்தோடு ஓரிடத்தில் விட்டுச்செல்லும் பெற்றாருக்கு 7 வருடம் வரை சிறை என்றது. கவனியுங்கள், 'கைவிடும் நோக்கம்' இருக்க வேண்டும். கடைக்குப் போய் வருவது இதற்குள் வராது. அதே கோவை 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவும் குற்றமில்லை என்றும் சொன்னது. அந்த 8 ஐ 12 ஆக உயர்த்த 2018 வரை, 135 வருடம் எடுத்தது.

அடுத்தது 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். இதில் அப்போது 14 வயதுக்குக் குறைந்தவர் 'சிறுவர்' எனப்பட்டார். 14 முதல் 16 வரை 'இளம் ஆள்' எனப்பட்டார். அடிப்பது மட்டுமல்ல, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் கொடுமை என்று அது சொன்னது. பிறகு 1991 இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 1995 இல் தண்டனைக் கோவையில் 308அ சேர்ந்தது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அவருக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் அது குற்றம். 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது.

இந்த நூற்று நாற்பது வருடத்தில் 8, 12, 14, 16, 18 என்று இத்தனை வயதுகள் எழுதப்பட்டும், 'வீட்டில் தனியே' என்பதற்கு மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை.

ஒரு காரணம், இங்கிலாந்துச் சட்டத்திலும் அது இல்லை. அவர்களுடைய 1933 ஆம் ஆண்டுச் சட்டமும் கவனிக்காமல் விடுவதைத்தான் குற்றமாக்கியது, வயதைச் சொல்லவில்லை. இன்றும் அங்கே அப்படித்தான். ஆனால் நம் பக்கத்துக்குச் சொந்தமான இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வியே நம்மிடம் அதிகம் எழவில்லை.

கிழக்கு மாகாணத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்போம். தாயின் வளவுக்குள்ளோ அடுத்த வளவிலோ அந்த வீடு எழும்பும். அதனால் பிள்ளை பிறந்து வளரும் இடத்தில் உம்மம்மா இருப்பார், சாச்சி இருப்பார், பெரியம்மா இருப்பார். வயலில் அறுவடை என்று உம்மாவும் வாப்பாவும் விடிய வெளிக்கிட்டாலும் வாசலில் ஒரு பெரிய மனுஷி பாயில் இருந்துகொண்டு பிள்ளையைக் கூப்பிட்டபடி இருப்பார். 'தனியே' என்ற நிலை வருவதே அரிது.

அது எப்போது மாறியது? யுத்தமும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்தன. காணி கிடைத்த இடத்தில் வீடு கட்டினோம். உம்மம்மா ஒரு ஊரில், மகள் இன்னோர் ஊரில். இவை ஒரு பக்கம். மறுபக்கம் 1970களின் கடைசியிலிருந்து வளைகுடா வேலை வந்தது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைக்கும் அளவுக்கு அது பெருகியது. முதலில் வாப்பாமார் போனார்கள், பிறகு உம்மாமாரும் போனார்கள். வாசலில் இருந்த உம்மம்மா தாயானார். உம்மம்மா இல்லாத வீட்டில் எட்டாம் ஆண்டு படிக்கும் ராத்தா தாயானாள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவரின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. மூதூர் றிஸானா நபீக். 1988 இல் பிறந்தவர். 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது வயது 17. கடவுச்சீட்டு அவருக்கு 23 என்று சொன்னது. போன கொஞ்ச நாட்களிலேயே நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்று அவருடைய பொறுப்பில் இருந்தபோது இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறி மூச்சடைத்தது என்பது அவர் சொன்னது. நீதிமன்றம் கொலை என்று தீர்த்தது. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான் பேச விரும்புவது அதற்கு முந்திய ஒரு விஷயம். ஒரு பிள்ளையின் பொறுப்பு இன்னொரு பிள்ளையிடம் கொடுக்கப்பட்டது. ஒரு குழந்தை மண்ணுக்குப் போனது, பிறகு ஒரு பெண் பிள்ளையும் போனது. இரண்டு தாய்மார் இழந்தார்கள்.

அதே 2013 ஜூலையில் அரசாங்கம் ஒரு சுற்றுநிருபம் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது, மற்றத் தாய்மாரும் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும் என்றது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது அந்த ஐந்து இரண்டாகக் குறைந்தது. ஒன்பது வருடத்தில் பிள்ளையின் தேவை குறையவில்லை, நாட்டுக்கு டொலரின் தேவை கூடியது. இன்னொன்று, இந்த விதி தாயிடம் மட்டும்தான் கேட்டது. வாப்பா எந்த வயதுப் பிள்ளையை விட்டுப் போனாலும் எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நியாயமற்ற நேரத்துக்குக் கவனிப்பின்றி விடுவதைக் குற்றமாக்கியது. நியூஸிலாந்து 14 என்றது, ஆனால் நியாயமான கண்காணிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துச் சட்டம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே விடக்கூடாது, இன்னொருவரிடம் விடுவதென்றால் அவர் நம்பகமானவராகவும் குறைந்தது 13 வயதுடையவராகவும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்காமல், யாரிடம் விடுகிறாய் என்றும் கேட்கிற சட்டம் அது.

நம் மார்க்க நூல்களைத் திறந்தாலும் இதே மாதிரி ஒரு யோசனை கிடைக்கிறது. ஏழு வயதில் தொழுகையை ஏவவும், பத்து வயதில் படுக்கைகளைப் பிரிக்கவும் சொன்ன ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். பகுத்தறியும் பருவத்தை 'தம்யீஸ்' என்று பிக்ஹ் சொல்கிறது. பெரும்பாலும் அது ஏழையொட்டி வரும். ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பிறந்த திகதியோடு நிறுத்தவில்லை. தானே சாப்பிடுகிறதா, தானே குடிக்கிறதா, தானே சுத்தம் செய்கிறதா என்று பார்த்தார்கள். வயது ஒரு அடையாளம், இயலுமைதான் அளவுகோல். மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொள்ளவும், தூங்கும் முன் விளக்கை அணைக்கவும் ரசூலுல்லாஹ் (ஸல்) சொல்லித் தந்திருக்கிறார்கள். நேரத்தையும் நெருப்பையும் பார்க்கச் சொன்ன வழிகாட்டல் அது.

இனி நம் ஊருக்கு வருவோம். முள்ளிப்பொத்தானையிலோ பாலம்போட்டாறிலோ ஒரு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கட்டில்லாத கிணறு, தண்ணீர் ஓடும் வாய்க்கால், வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல், கேஸ் அடுப்பு, பாம்பு. சில பக்கம் பின்னேரமானால் யானை. இவற்றோடு இப்போது பூட்டிய அறைக்குள் ஒரு போன். வெளிநாட்டு மாடிவீட்டுக்கு எழுதிய வயதை இங்கே அப்படியே கொண்டுவர ஏலாது.

ஆகவே நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இது. சட்டமல்ல, ஒரு ஆசிரியரின் அபிப்பிராயம்.

ஏழு வயதுக்குள் தனியே விடவே வேண்டாம், கடைக்குப் போகும் பத்து நிமிஷமாக இருந்தாலும். ஏழிலிருந்து பத்து வரை, கூப்பிட்டால் ஓடி வரக்கூடிய பெரியவர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும், அவருக்கு நீங்கள் சொல்லிவிட்டும் போக வேண்டும். பத்துக்கு மேல், பகலில், கொஞ்ச நேரம் பழக்கலாம். இரவில் வேண்டாம். அதற்கு முன் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: உம்மாவின் நம்பர் பாடமா? நெருப்புப் பிடித்தால் எந்த வாசலால் ஓடுவாய்? தெரிந்தவர் வந்து கதவைத் தட்டினால் திறப்பாயா? இந்த மூன்றாவது கேள்விக்கு "ஓம், திறப்பேன்" என்று சொல்லும் பிள்ளை இன்னும் ஆயத்தமில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பலர் தெரிந்தவர்கள்தான். பிள்ளை "பயமா இருக்கு" என்று சொன்னால், வயது பதின்மூன்றாக இருந்தாலும் அதுதான் பதில்.

அடுத்தது ராத்தாமார். தம்பியைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளை நான் வரவு இடாப்பில் பார்க்கிறேன். பெயருக்கு எதிரே வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வெற்றிடம். கட்டாயக் கல்வி வயது 1998 இல் 14, 2016 இல் 16 ஆனது. அவளும் இன்னும் ஒரு பிள்ளை. சின்னவனின் பாதுகாப்புக்கு அவளுடைய படிப்பை விலையாகக் கொடுக்கிறோம், அதைக் கணக்கில் எழுதாமலே கொடுக்கிறோம்.

தாய்மாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீடுகள் எனக்குத் தெரியும். அந்த உம்மாவிடம் "விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பெரிய வகுப்புகளுக்கு முன்னமே வீட்டுக்குப் போகிறார்கள். தாய் வரும் வரைக்கும் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் சிக்கல். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மனம் வைத்தால் அந்த நேரத்துக்கு ஒரு மண்டபத்தைத் திறந்து வைத்து, இரண்டு பேரைப் பொறுப்பாக இருத்தலாம். அதுவும் ஆகாவிட்டால் ஒரு ஒழுங்கையில் நான்கு வீட்டார் முறை வைத்துப் பார்க்கலாம். இன்றைக்கு நீங்கள், நாளைக்கு நான்.

ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1929 க்கு அழைக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் பக்கத்து வளவில் தனியே இருக்கும் பிள்ளையை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் உம்மம்மாமார் எந்தச் சட்டமும் இல்லாமல் செய்து வந்த வேலை அதுதான்.

உங்கள் ஒழுங்கையில் இப்படி ஏதாவது முறை இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.