தடுக்கப்பட்ட தரைத்தீ

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி எழும் பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடிகளான சோளகர்கள், கோடை தொடங்குமுன் காட்டுச் சருகுக்குத் தீயிடும் வழக்கத்தை நெடுங்காலம் கைக்கொண்டிருந்தனர். 'தரகு பெங்கி' எனப்படும் இச்சருகுத்தீ, மண்ணின் ஈரம் முற்றும் வற்றுமுன் வைக்கப்பட்டதால், தழல் உயராமல் சருகையும் காய்ந்த புல்லையும் எரித்துத் தணிந்தது; வளர்ந்த மரங்களின் தடித்த பட்டை அதன் வெப்பத்தைத் தாங்கியது; பங்குனி, சித்திரையில் பெருந்தீ பற்றிப் பரவுவதற்கான எரிபொருளும் தரையில் குறைந்தது. நெல்லி மரங்களின் கிளைகளில் வேரூன்றிச் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியைத் தீ கட்டுப்படுத்தியது என்பதும், நெல்லிக்காய் சேகரித்து வாழ்ந்த அம்மக்களின் பட்டறிவு.

இவ்வழக்கத்தைக் குற்றமாக்கிய சிந்தனை, ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குத் தேக்கும் சாலும் பெருமளவில் தேவைப்பட்ட 1860களில் உருவானது. மரத்தை அரசின் சொத்தாகக் கண்ட ஆங்கிலேய வனத்துறை, மத்திய மாகாணங்களின் போரி காட்டில் தீத்தடுப்பைத் தொடங்கி, 1878ஆம் ஆண்டின் வனச்சட்டத்தால் அதை எங்கும் விரிவாக்கியது. தீயே இல்லாத காட்டில் தேக்கு நாற்றுகள் நிழலில் நசிவதைப் பர்மாவில் கண்ட ஸ்லேட் என்னும் வன அதிகாரி, 1896இலேயே அத்துறையின் இதழில் இக்கொள்கையை எதிர்த்து எழுதினார். எனினும், ஒதுக்குக் காட்டில் தீயிடுவது குற்றம் என்ற விதி 1927ஆம் ஆண்டின் சட்டத்திலும் நிலைத்து, இன்றும் நடைமுறையில் உள்ளது.

பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமாக்கப்பட்டபின் சருகுத்தீ படிப்படியாக நின்றது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில், வெள்ளையர் அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி காட்டின் அடித்தளமெங்கும் புதராக மண்டியது. தீ நின்றதே இதற்குக் காரணம் என்பது சோளகர்களின் உறுதியான கூற்று. சூழலியலாளர்கள் மேய்ச்சல், மழையளவு போன்றவற்றையும் சேர்த்து எண்ணுகின்றனர். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் பற்றும் தீ இளங்கன்றுகளை அழிக்கும் என்பதால், எல்லாத் தீயும் நன்மையே என்று கொள்வதும் தவறாகும். ஆயினும், விளைவு ஐயத்துக்கு இடமற்றது: ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து மரங்களில் படரும் உண்ணிப்புதர், தரையோடு அடங்கவேண்டிய தீயைக் கிளைகளுக்கு ஏற்றிவிடுகிறது, எரிந்தபின் அதன் அடிக்கட்டையே முதலில் துளிர்க்கிறது.

புவி வெப்பமாதல் இந்நிலைமீதுதான் வந்து விழுந்துள்ளது. வெப்பம் ஏற ஏறக் காற்று செடிகொடிகளின் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. கோடைமழை பொய்க்கும் ஆண்டுகளில் புதர் விரைவில் உலர்ந்து, மனிதர் கைதவறி விட்ட பொறியையும் பெருந்தீயாக்குகிறது. அண்டையிலுள்ள பந்திப்பூரில் 2019 பிப்ரவரியில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது, பலத்த காற்றும் காய்ந்த உண்ணிப்புதரும் தீயணைப்பை மிகக் கடினமாக்கின. தீயைத் தடுக்கும் சட்டம் சேர்த்துவைத்த எரிபொருளுக்கு வெப்பமும் வறட்சியும் இப்போது வழிதிறந்துள்ளன என்பதே இவ்வரலாற்றின் சாரமான துயரம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2011இல் சோளகர்களின் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. தேனும் நெல்லியும் சேகரிக்கும் உரிமை அவர்களிடம் மீண்டது, சருகுக்குத் தீயிடும் உரிமை மீளவில்லை.