சோனகர் வரலாறு: யார் சொன்ன கதை?

தரம் பத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், நாங்க அரபியா, இல்லாட்டித் தமிழரா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் வாயில் வந்தது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பெரியவர்கள் எழுதிச் சண்டை பிடித்த கேள்வி.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், ரோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவரலாறு பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, வழக்கங்கள், உடற்தோற்றம் மூன்றையும் காட்டி, சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்றார். அவர் அப்போது சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினர். முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்பது பேசப்பட்ட காலமும் அதுதான். அடுத்த ஆண்டே, 1889இல், எம். சி. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இதற்கு ஒரு மறுப்பு நூல் எழுதினார். சோனகரின் முன்னோர் அரபிகள், தமிழ் பேசுவதாலேயே ஒருவர் தமிழராகிவிட மாட்டார் என்பது அவர் வாதம்.

இலக்கண வகுப்பில் நாம் படிப்பிக்கும் மூவிடங்களை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இராமநாதன் சோனகரைப் படர்க்கையில் வைத்தார்: 'அவர்கள்'. அஸீஸ் அதைத் தன்மைக்கு மாற்றினார்: 'நாங்கள்'. பிறர் நம்மைப் பற்றிச் சொன்ன இடத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து பேசியது சின்ன விஷயமல்ல. ஆனால் முன்னிலை மாறவில்லை. இருவரும் எழுதியது ஆங்கிலத்தில். தீர்ப்புச் சொல்லும் கதிரையில் இருந்தது பிரித்தானிய ஆட்சி. அளவுகோலும் மாறவில்லை. யாருடைய இரத்தம் என்றுதான் இருவரும் தேடினார்கள்.

அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்? அரபு வணிகர் கப்பலில் வந்தார்கள், இங்கே மணம் முடித்தார்கள் என்ற கதை வாப்பாமாரின் கதை. மணம் முடிக்கப்பட்ட உம்மாமார் அதில் பெயரில்லாமல் நிற்கிறார்கள். கரையோர வணிகர் கண்ணில் பட்ட அளவுக்குக் கிழக்கின் வயல்காரர் அதில் படவில்லை.

கிழக்கில் குடி தாய்வழியாக வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பள்ளிவாசல் நிருவாகத்தில்கூடக் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். இதே தாய்வழிக் குடிமுறை அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் உண்டு. இந்த இடத்தில் நின்று பார்த்தால் இராமநாதனும் முழுக்கச் சரியில்லை, அஸீஸும் முழுக்கச் சரியில்லை. அரபுத் தொடர்பும் உண்மை, காயல்பட்டினத் தொடர்பும் உண்மை, இந்த மண்ணின் தாயும் உண்மை. ஒன்றை ஏற்க மற்றதை மறுக்கவேண்டும் என்பது ஆசனம் கேட்ட காலத்தின் கட்டாயம். அன்றைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். அதையே இன்றும் வரலாறு என்று பிள்ளைகளுக்கு ஒப்புவிப்பதுதான் பிழை.

நான் அந்த மாணவனிடம், "மூத்தம்மாட்ட போய் நம்ம குடி என்னெண்டு கேட்டு எழுதிட்டு வா" என்றேன். அடுத்த கிழமை கொப்பியில் நாலு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் இருந்தன. அதற்கு மேல் மூத்தம்மாவுக்கும் ஞாபகமில்லையாம்.

அந்த நாலு பெயர்களும் எந்த நூலிலும் இல்லை. மூத்தம்மாமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்காவிட்டால், நம் கதையை மீண்டும் யாரோ ஒருவர் 'அவர்கள்' என்றுதான் தொடங்குவார்.