இருட்டும் ஒரு மருந்துதான்

1/ ராத்திரி 11 மணிக்கு மேல போன்ல இதைப் படிக்கிறீங்களா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். விளக்கு வெளிச்சம் மனசையும் தொடும்னு மருத்துவம் கண்டுபிடிச்ச கதை.

2/ இருட்டினதும் மூளையில இருக்கிற பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். "ராத்திரி ஆச்சு"ன்னு உடம்பு முழுக்கத் தண்டோரா போடுறது அதுதான். விளக்கு போட்டா மிருகங்களுக்கு அது குறையும். மனுஷனுக்குக் குறையாதுன்னுதான் 1970களில் நம்பினாங்க.

3/ 1980ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூவி குழு, அதிகாலை 2 மணிக்கு ஆட்களை எழுப்பி 2,500 லக்ஸ் வெளிச்சத்துல உட்கார வெச்சாங்க. மெலடோனின் சரிஞ்சுது. அதுவரை பயன்படுத்தின விளக்குகள் மங்கல், அவ்வளவுதான்.

4/ 1984ல் நார்மன் ரோசந்தால், குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை விவரிச்சார். அதுக்கு அவர் குழு தந்த சிகிச்சை? பிரகாசமான விளக்கு. வெளிச்சம் மருந்தாச்சு.

5/ மருந்துன்னா அளவும் நேரமும் முக்கியம் இல்லையா? 1998ல் தாமஸ் வேர் குழு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாங்க. மனநிலை வேகமா மாறி மாறி வந்த ஒரு பைபோலார் நோயாளியை, தினமும் 14 மணி நேரம் இருட்டில் படுத்திருக்கச் சொன்னாங்க. அலைச்சல் அடங்கிச்சு.

6/ ஏன்? 2002ல் விடை கிடைச்சுது. பார்வைக்கான செல்கள் தவிர, வெளிச்சத்தை உணரும் இன்னொரு வகை செல் விழித்திரையில் இருக்கு. பகலா இரவான்னு மூளைக்குச் சொல்றது அதோட வேலை. நீல ஒளிக்குத்தான் அதிகம் துடிக்கும். உங்க போன் திரையில் நீலம் தாராளமா இருக்கு.

7/ 2016ல் நார்வேயில், மேனியாவோட ஆஸ்பத்திரியில் இருந்தவங்களுக்கு மாலை 6லிருந்து காலை 8 வரை, நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு கண்ணாடி கொடுத்தாங்க. மத்தவங்களுக்குச் சாதாரண கண்ணாடி. வழக்கமான மாத்திரை எல்லாருக்கும் உண்டு. ஒரே வாரத்தில் ஆரஞ்சு கண்ணாடி போட்டவங்களுக்கு மேனியா நல்லா குறைஞ்சுது.

8/ 2023ல் பிரிட்டனில் 86,000க்கும் மேற்பட்டவர்களின் கையில் ஒளி அளக்கும் கருவி கட்டி ஆராய்ந்த முடிவு வந்தது. இரவில் அதிக வெளிச்சம் பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். பகலில் அதிக வெளிச்சம் பட்டவர்களிடம் மனச்சோர்வு குறைவு. ஆனா ஒண்ணு: மனசு சரியில்லாதவங்களே தூங்காம விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். எது முந்தி, எது பிந்தின்னு இந்த ஆய்வு மட்டும் சொல்லிடாது.

9/ அதனால செலவில்லாத ரெண்டு வேலை. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல நடங்க. ராத்திரி ட்யூப் லைட்டை அணைச்சிட்டு மங்கலான மஞ்சள் விளக்குக்கு மாறுங்க; போனை அடுத்த ரூம்ல வைங்க. மனநல மாத்திரை எடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. இது அதோட சேர்த்துச் செய்யறது.

10/ இருட்டுல படுத்தாலும் மனசு அடங்கலையா? தனியா கிடந்து தவிக்காதீங்க. டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

சரி, இப்போ போனை வெச்சிட்டுத் தூங்குங்க. லைக் காலையில போட்டுக்கலாம்.