வால் சுழலிப் பயனிழப்பு

வால் சுழலிப் பயனிழப்பு என்பது, வால் சுழலி பழுதின்றி இயங்கும்போதே உலங்கு வானூர்தியின் (ஹெலிகாப்டர்) மூக்கு எதிர்பாராமல் ஒரு பக்கமாகத் திரும்பிச் சுழலத் தொடங்கும் நிலையாகும். இது பெரும்பாலும் 30 நாட்டிற்கும் (மணிக்கு ஏறத்தாழ 55 கி.மீ.) குறைந்த வேகத்தில் ஏற்படும். இது இயந்திரக் கோளாறு அன்று, காற்றோட்டத்தால் விளைவது.

வால் சுழலியின் பணி

முதன்மைச் சுழலி ஒரு திசையில் சுழலும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்ப முயலும். வால் சுழலி பக்கவாட்டில் உந்துவிசை தந்து இதனைத் தடுக்கிறது. அதன் சுழல்வேகம் பல்லிணைகளால் முதன்மைச் சுழலியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. கால் மிதிகள் அதன் இறக்கைகளின் கோணத்தை மட்டுமே மாற்றுகின்றன.

திசை வேறுபாடு

அமெரிக்க வானூர்திகளில் முதன்மைச் சுழலி மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழல்வதால் மூக்கு வலப்புறம் திரும்பும். அந்நாட்டு வான்போக்குவரத்து நிர்வாகம் 1995இல் வெளியிட்ட அறிவுரைச் சுற்றறிக்கையின் தலைப்பே 'எதிர்பாராத வலத் திருப்பம்' என்னும் பொருளுடையது. சேலையூரை அடுத்த தாம்பரம் விமானப்படை நிலையத்தின் பறப்புப் பயிற்றுநர் பள்ளியில் பயன்பட்ட சேத்தக், பிரெஞ்சு அலுவெட் 3 வடிவமைப்பாகும். இதன் சுழலி வலஞ்சுழியானது. எனவே இதில் மூக்கு இடப்புறம் திரும்பும். அமெரிக்க நூல்களிலுள்ள பக்கக்காற்றுத் திசைகளையும் இதற்கு இடவலமாக மாற்றியே படிக்க வேண்டும்.

காரணங்கள்

சேத்தக்கின் வால் சுழலி காற்றை வலப்புறம் தள்ளுகிறது. வலப்புறமிருந்து காற்று எதிர்த்து வீசினால், அச்சுழலி தான் உண்டாக்கிய சுழிப்பிலேயே சிக்கி உந்துவிசை ஏறி இறங்கும். வலமுன்புறக் காற்று முதன்மைச் சுழலியின் விளிம்புச் சுழிப்புகளை வாலின் மீது கொண்டு சேர்க்கும். பின்புறக் காற்றோ வானூர்தியைக் காற்றுத்திசைகாட்டி போலத் திருப்பிவிடும். மிகுந்த எடை, உயரமான இடம், வெப்பமான நாள் ஆகியவை நிலைமையை மோசமாக்கும். சென்னையின் கோடைக்கு மூன்றாவது பொருந்தும்.

மீட்பு

திருப்பத்திற்கு எதிரான மிதியை (சேத்தக்கில் வலது) முழுவதும் அழுத்தி, சுழற்சி நிற்கும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். உடன் பலன் தெரியாததால் மிதி செயலிழந்ததாக எண்ணிக் காலை எடுப்பதே பெரும் ஆபத்து. கட்டுப்பாட்டுத் தண்டை முன்தள்ளி வேகம் பெற வேண்டும். உயரம் இருந்தால் முதன்மைச் சுழலியின் இறக்கைக் கோணத்தைக் குறைத்து முறுக்குவிசையைத் தணிக்கலாம். தரையருகே இது வானூர்தியை வேகமாகக் கீழிறக்கும்.

உண்மையான பழுதில் மிதி உதவாது. 2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் வால் சுழலியின் தாங்கி இறுகி, மிதியுடனான இணைப்பு அறுந்ததால் ஏடபிள்யூ169 வானூர்தி சுழன்று வீழ்ந்து ஐவர் இறந்தனர்.