டாம் என்பவன் யார்?

அசட்டுக் கூத்தடிப்பதை இங்கிலீஷில் 'டாம்ஃபூலரி' என்பார்கள். கண்டிக்கிற சொல்தான், ஆனால் சொல்கிறவர் பாதி சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லின் பின்பாதி முட்டாள்தனம் என்பது தெரிகிறது. முன்னால் நிற்கும் அந்த டாம் யார் என்பதுதான் வெகுநாளாக எனக்கிருந்த சந்தேகம்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மன்காஸ்டர் கோட்டைக்குப் போனால் படத்தையே காட்டிவிடுவார்கள். கட்டம் போட்ட நீண்ட அங்கியோடு நிற்கிறான் தாமஸ் ஸ்கெல்டன். அந்தக் கோட்டையின் விதூஷகன். வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பானாம். வழி கேட்கிறவனைப் பிடிக்காவிட்டால் புதைமணல் பக்கம் கையைக் காட்டிவிடுவானாம். ஒரு தச்சுப் பையனின் தலையை வெட்டி மரச்சீவலுக்குள் மறைத்தான் என்றும் கதை உண்டு. விதூஷகன் என்றதும் தெனாலிராமனை நினைத்துக்கொள்கிற நமக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

கதை நன்றாயிருக்கிறது; கணக்குத்தான் உதைக்கிறது. ஸ்கெல்டன் வாழ்ந்தது 1600-ஐ ஒட்டிய காலம். 'முட்டாள் டாம்' என்ற பெயரோ 14-ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏறிவிட்டது.

டாம் என்பது தாமஸின் சுருக்கம். நாம் 'குப்பன், சுப்பன்' என்கிற இடத்தில் இங்கிலீஷ்காரன் 'டாம், டிக், ஹாரி' என்பான். புத்தி மட்டான பிள்ளைக்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு, டாம் போதும் என்று ஊர் நினைத்துவிட்டது.

லண்டனில் 1247-இல் பெத்லஹேம் என்ற மடம் ஏற்பட்டது. 1403-இல் மேலதிகாரிகள் வந்து பார்த்தபோது அங்கே சித்தம் கலங்கிய ஆறு பேர் இருந்தார்கள். பிற்பாடு அது முழுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியாயிற்று. அதன் பெயர் ஜனங்கள் வாயில் 'பெட்லம்' என்று தேய்ந்து, கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. அங்கிருந்து வந்தோம் என்று சொல்லிப் பிச்சையெடுத்துத் திரிந்தவர்களுக்கு 'பெட்லம் டாம்' என்று பெயர். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரச'னில், தம்பியின் சூதுக்குத் தப்பி ஓடும் எட்கர் போடுவது இந்த வேஷம்தான்; புயலில் நடுங்கியபடி தன்னை ஏழை டாம் என்றே சொல்லிக்கொள்கிறான்.

பெட்லத்துக்கு ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாசலில் காசு போட்டுவிட்டு உள்ளே போய், அடைபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 1770-இல்தான் நிர்வாகிகள் இதற்குத் தடை போட்டார்கள். 'டாம்ஃபூலரி' அச்சில் வந்தது 1812 வாக்கில்.

மன்காஸ்டரில் அந்தப் படம் இன்னமும் இருக்கிறது. அவர்களிடம் போய் இந்தக் கணக்கையெல்லாம் சொல்ல எனக்கு மனமில்லை. புதைமணலுக்கு வழி காட்டிய டாமையே நானும் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம்.