கிளிமூக்கும் இடுகுறியும்

சேலம் மாம்பழ மண்டியில 'கிளிமூக்கு' கேட்டா உடனே எடுத்துக் கொடுப்பாங்க. பழத்தோட நுனி கிளியின் அலகு மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால அந்தப் பேர். சரி, கிளிக்கு ஏன் 'கிளி'ன்னு பேர் வந்துச்சு?

இதுக்கு நம்ம இலக்கணத்தில் ஒரு சொல் இருக்கு: இடுகுறி. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்குது. (அவர் ஊர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம்னு கொங்குப் பக்கம் சொல்லுவாங்க. நமக்குக் கிட்டதான்.) பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரம் இடுகுறி. முன்னோர் இட்ட குறி, நாம சொல்றோம். அதற்கும் வெகுகாலம் முன்பே தொல்காப்பியம், ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்ததுங்கிற காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்று சொல்லிடுச்சு.

இப்ப ஜெனீவா. 1907 முதல் 1911 வரை ஃபெர்டினாந்த் தி சொசூர் அங்கே மூன்று முறை பொது மொழியியல் பாடம் எடுத்தார். 1913-ல் இறந்தார். மாணவர்கள் எடுத்த குறிப்புகளை வைத்து 1916-ல் புத்தகம் வந்தது. ஒலிக்கும் கருத்துக்கும் இயற்கையான ஒட்டு எதுவும் இல்லைங்கிறதுதான் அதன் அடித்தளம்.

உடனே "நாங்க அப்பவே சொல்லிட்டோம்"னு ஒரு ஃபார்வர்டு வரும். பாதி சரி. பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல்லைப் பிரிச்சுப் பார்த்தா ஒண்ணும் கிடைக்காது, பத்தொன்பதைப் பிரிச்சா பத்தும் ஒன்பதும் கிடைக்கும்னு சொசூரே காட்டுறார். இடுகுறி, காரணம்ங்கிற அதே கோடுதான். கிளிமூக்கைப் பிரிச்சா கிளியும் மூக்கும் வரும். அதுக்குக் கீழே இடுகுறிதான்.

மீதிப் பாதியிலதான் வித்தியாசம். தொல்காப்பியம் காரணம் தெரியாதுன்னுதான் சொல்லுது, காரணமே இல்லைன்னு சொல்லலை. நன்னூல் ஒவ்வொரு பெயரா எடுத்து வகைப்படுத்துது. சொசூர் கேட்டது வேற கேள்வி: காரணமே இல்லாத குறி எப்படிப் பொருள் தருது? பக்கத்துக் குறிகளிலிருந்து வேறுபட்டு நிற்பதால்தான் என்கிறார். 'தம்பி'க்கு அந்த எல்லை கிடைப்பது 'அண்ணன்' பக்கத்தில் இருப்பதால. ஆங்கிலத்தில் ரெண்டு பேருக்கும் 'பிரதர்' ஒண்ணே போதும். உறவு அதேதான், கோடு வேற இடத்தில் விழுது. (புரோகிராமர்களுக்கு: வேரியபிளுக்கு என்ன பேர் வச்சாலும் கம்பைலருக்குக் கவலையில்லை. இன்னொண்ணோட மோதாம இருந்தா சரி.)

இதனாலதான் கலைச்சொல் சண்டைகளில் எனக்குப் பாதிக்கு மேல் ஒப்புதல் இல்லை. 'சரக்குந்து' பார்த்தவுடனே புரியும், நல்ல காரணப்பெயர். ஆனா நாமக்கல் பட்டறையில 'லாரி பாடி' தான் கட்டுறாங்க. அங்கே 'லாரி' முழு இடுகுறி, ஒருத்தருக்கும் குழப்பமில்லை. 'கணினி' வேற கதை. கணிப்பதால் அந்தப் பேர், ஊரும் ஏத்துக்கிச்சு. இன்னைக்கு அதுல படம் பார்க்கிறவங்களுக்குக் கணிப்பு ஞாபகத்துக்கே வர்றதில்லை.